ஊத்து: பாம்பன் கரையில் ஒரு மணல் தட்டும் 12 வயதுப் பெண்ணும்

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது கையை மட்டும் தூக்கும் பிள்ளை என்றுதான் அவளைப் பற்றி முதலில் கேள்விப்பட்டேன். ஏழாம் வகுப்பு, 12 வயது. "நோட்டெல்லாம் முத்து முத்தா எழுதுறா மிஸ். பரீட்சையிலயும் குறையில்ல. வாயைத்தான் தொறக்க மாட்டேங்கிறா, ஆறு வாரமாச்சு" என்றார் வகுப்பாசிரியை. மதியச் சாப்பாட்டுக்குத் தோழிகளோடு உட்காருவதில்லை. தலைவலி என்று எழுதிக் காட்டிவிட்டு மேஜையில் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறாள். வீட்டில் அம்மாவிடமும் தம்பியிடமும் பேசுகிறாள். அதுவும் மெதுவாக, வேண்டியதை மட்டும்.

நான் வாரத்துக்கு ஒரு நாள் பாம்பன் பக்கத்து மீனவக் கிராமங்களில் பிள்ளைகளைப் பார்க்கும் உளவியல் ஆலோசகர். இதை எழுத அவளும் அவள் அம்மாவும் சம்மதித்தார்கள். எழுதியதை அவளுக்குப் படித்தும் காட்டினேன். ஊரையோ ஆளையோ காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேறு பெயர் வைத்துக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன்.

அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த இரண்டு மாதமும் கடனில்தான் அடுப்பு எரியும். தடை முடிந்து கடலுக்குப் போன மூன்றாவது வாரம், எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை அவரையும் கூட இருந்தவர்களையும் படகோடு பிடித்துப் போனது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். இடையில் 1974ல் இரு நாடும் போட்ட கடல் எல்லைக் கோட்டை மீன் அறியாது, ராத்திரியில் வலை இழுக்கிறவருக்கும் கண்ணில் தெரியாது. கடற்படை பிடித்த செய்தி வந்தால் ஊரில் எல்லாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியும். மனு எழுதுவார்கள், சங்கத்துக்குப் போவார்கள், வாய்தா தேதியை எண்ணுவார்கள். பிள்ளைக்கு என்ன சொல்வது என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. "அப்பா வந்துரும்" என்பதோடு நின்றுவிட்டார்கள்.

அவர் யாழ்ப்பாணச் சிறையில் இருந்தபோது, ஜூலைக் கடைசியில், அவள் பெரியமனுஷி ஆனாள். தாய்மாமன் சீர் கொண்டுவரத் தயாராக இருந்தார். ஆனால் அப்பா இல்லாமல் எப்படிப் பந்தல் போடுவது? "அவரு வரட்டும்" என்று சடங்கைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்த சடங்கு அந்த வீட்டில் ஒரு பாரமாக உட்கார்ந்துகொண்டது. அவள் சின்னப்பிள்ளையும் இல்லை, சடங்கு கழிந்த பெண்ணும் இல்லை. அப்பத்தா ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார்: இனிமேல் கரைப்பக்கம் போகக்கூடாது.

இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. அம்மா பாசி எடுக்கிறவர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டில் முங்கிப் பறிப்பார். லீவு நாளில் மகளும் கூடப் போவாள். ஆறு வயதிலேயே நீச்சல். எந்த இடத்தில் பார் கூர்மை, எங்கே சொறி என்கிற ஜெல்லிமீன் மிதக்கும், கச்சான் காற்றில் எந்தப் பக்கம் தண்ணீர் கலங்கும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே மாதத்துக்குள் அப்பா, கரை, கூட்டாளிகள், கடல் எல்லாம் போய்விட்டன. ஆகஸ்டில் பேச்சும் போனது.

அப்பத்தா காத்துக் கருப்பு என்று நினைத்தார். அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார், ஏர்வாடி தர்காவிலும் கயிறு வாங்கிக் கட்டினார். நான் அதில் தலையிடவில்லை. நம்பிக்கை அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆனால் "அங்கேயே கொஞ்ச நாள் தங்க வைக்கலாமா" என்ற பேச்சு வந்தபோது உட்கார்ந்து பேசினேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகிச் செத்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அப்பத்தாவுக்கும் நினைவிருந்தது. "கயிறு கையில இருக்கட்டும், பிள்ளை வீட்டுல இருக்கட்டும்" என்றார் அவரே.

நான் பிள்ளைகளுக்குச் செய்வது மணல் தட்டுச் சிகிச்சை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. காது, தொண்டை, ரத்தசோகை எல்லாம் பார்க்கச் சொன்னேன். அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் பார்த்தார். சில இடங்களில் மட்டும் பேச்சு அடைத்துக்கொள்ளும் பதற்றநிலை, செலக்டிவ் மியூட்டிசம் என்றார். வீம்பும் இல்லை, அடம் பிடிப்பதும் இல்லை. பேச நினைத்தாலும் வராது. மருந்து இப்போதைக்கு வேண்டாம், ஆலோசனை தொடரட்டும் என்றார். யாராவது அவளைத் தொந்தரவு செய்தார்களா என்பதையும் கேட்டுத் தெளிந்தேன். பேசாத பிள்ளையிடம் இதைத் தவறவிடவே கூடாது. ஆம், இல்லை என்று இரண்டு அட்டை வைத்துக் கேட்டேன். "இங்கே நீ காட்டுவதெல்லாம் நமக்குள்ளேயே இருக்கும். உனக்கு யாராவது கெடுதல் செய்தால் மட்டும் நான் வெளியே சொல்லியாக வேண்டும்" என்று சட்டத்தையும் முதல் நாளே அவளுக்குப் புரியும்படி சொல்லிவிட்டேன். அப்படி எதுவும் இல்லை.

சரி, மணல் எதற்கு? பேச முடியாத பிள்ளையை எதிரில் உட்காரவைத்து "சொல்லும்மா, சொல்லும்மா" என்று கேட்பது, கால் உடைந்தவரை நடக்கச் சொல்வதைப் போன்றது. கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். 1920களின் கடைசியில் லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்ட் என்ற குழந்தை மருத்துவர் தன் மருத்துவமனையில் மணல் தட்டும் தண்ணீரும் பொம்மைப் பெட்டியும் வைத்திருந்தார். பொம்மைகளை எடுத்து மணலுக்குள் வைத்து அதை உலகம் என்று கூப்பிட்டவர்கள் பிள்ளைகள்தான். 1950களில் அவரிடம் போய்க் கற்ற டோரா கால்ஃப் என்ற சுவிட்சர்லாந்துப் பெண்மணி, கார்ல் யுங் என்ற மனநல மருத்துவரின் உளவியலையும் சேர்த்து மணல்விளையாட்டு சிகிச்சையாக அதை வளர்த்தார். 1965ல் ஹயாவோ கவாய் என்ற ஜப்பானிய உளவியலாளர் அதைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே ஏற்கெனவே பெட்டிக்குள் சின்னத் தோட்டம் அமைக்கும் பழக்கம் இருந்ததால் எளிதாக வேரூன்றியது.

நமக்கும் இது அந்நியம் இல்லை. நெய்தல் பாட்டுகளில் பெண்பிள்ளைகள் கரையில் வண்டற்பாவை என்கிற மணல் பொம்மை செய்து விளையாடுவார்கள், அலை வந்து அழிக்கும், அவர்கள் கடலோடு சண்டை போடுவார்கள். பிள்ளைத்தமிழில் சிற்றில் என்று ஒரு பருவமே உண்டு. பெண்கள் மணலில் கட்டிய சின்ன வீட்டை ஆண்பிள்ளை காலால் சிதைக்க வருவான், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். இந்தச் சிற்றிலைப் பற்றி என் தவறு ஒன்றைச் சொல்லும்போது மறுபடி பேசுகிறேன்.

கால்ஃப் சொன்ன அடிப்படை ஒன்றுதான்: பிள்ளைக்குச் சுதந்திரமும் பாதுகாப்பும் சேர்ந்த இடம் வேண்டும். அதனால்தான் தட்டுக்கு ஓர் அளவு இருக்கிறது. உள்ளளவு 72க்கு 57 சென்டிமீட்டர், ஆழம் 7. தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் முழுவதும் தெரிய வேண்டும். அடியிலும் உள்பக்கச் சுவரிலும் நீலப் பூச்சு, மணலை விலக்கினால் தண்ணீர் தெரிகிற மாதிரி. காய்ந்த மணலுக்கு ஒன்று, ஈரமணலுக்கு ஒன்று என இரண்டு தட்டு. மகளிர் குழுக் கட்டடத்தின் பின்னறைதான் எங்கள் இடம். தட்டுகளை மண்டபத்தில் ஓர் ஆசாரி செய்து கொடுத்தார். "மீன் அலசவா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் மூலைகளைக் கைபடாதபடி இழைத்து, கூலியில் பாதி போதும் என்றுவிட்டார்.

மணல்தான் சிரமம். கடல் மண்ணை அப்படியே போட்டால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், கை பிசுபிசுக்கும், ரெண்டே வாரத்தில் வாடை அடிக்கும். சலித்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். பெண்கள் தள்ளுவண்டியில் குடம் குடமாக நல்ல தண்ணீர் கொண்டுவருகிற ஊரில், ஐந்து குடத்தை மணலில் கொட்டியது எனக்கு நெஞ்சில் குத்தியது. அலசிய தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்காமல் முருங்கைக்கு விட்டோம்.

அலமாரியில் சுமார் 200 உருவங்கள். மதுரையில் வாங்கிய பிளாஸ்டிக் மிருகங்கள், கொலுப் பொம்மைகள், சின்ன மாதா சொரூபம், மசூதி, கோபுரம், சொப்புச் சாமான், பனையோலைக் கொட்டான், பள்ளிக்கூடப் பை, போலீஸ், பாம்பு, தெர்மாகோலில் பையன்கள் செதுக்கிக் கொடுத்த வள்ளம், சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல். இந்தக் கப்பலை வைப்பதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். பயப்படும் பொருளும் அலமாரியில் இருந்தால்தான் பயத்தை வெளியே எடுத்து வைக்க முடியும். அதனால் வைத்தேன். பிள்ளைகள் ஆசையாகப் பவளத் துண்டும் கடல்குதிரையும் கொண்டுவருவார்கள். அவை வனவிலங்குச் சட்டத்தில் வருபவை. "இது கடல்லயே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

செப்டம்பர் முதல் ஜனவரி வரை 14 தடவை வந்தாள். எல்லாத் தடவையும் சொல்லப்போவதில்லை.

முதல் நாள் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. காய்ந்த மணலை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்கினாள். மூலையில் ஒரு மேடு எழுந்தால் அதையும் அமுக்கினாள். முக்கால் மணி நேரமும் அதே வேலை. போகும் முன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். முகம் லேசாகச் சுருங்கியது. உப்பு வாசம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இந்தச் சிகிச்சையில் சும்மா இருப்பதுதான் பெரிய வேலை; பயிற்சி காலத்தில் அதைக் கற்க எனக்கு ரெண்டு வருஷம் ஆனது. அவள் போன பிறகு போட்டோ எடுத்துவிட்டு நானே தட்டைக் கலைத்தேன். பிள்ளையைக் கலைக்கச் சொல்வதில்லை. அவள் மனதில் அந்தத் தட்டு அப்படியே இருக்க வேண்டும்.

மூன்றாவது தடவை ஒரு வீடு வைத்தாள், வாசல் சுவரைப் பார்க்க. சுற்றிலும் தீக்குச்சியால் வேலி, குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே விரல் நுழையாது. பிறகு கைக்குழந்தைப் பொம்மை ஒன்றை எடுத்து வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்து மேலே தட்டிச் சமமாக்கினாள். எனக்குப் பதறிவிட்டது. "இது யாரு வீடும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முழங்கையால் ஒரே இழுப்பு. வீடு, வேலி, எல்லாம் போய் மணல் மறுபடி சமம்.

சிற்றில் சிதைத்தவள் நான்தான். அவள் கட்டிக்கொண்டிருந்தபோது, என் பதற்றத்தை ஆற்றிக்கொள்ள, அவளுடைய வீட்டுக்குள் காலை வைத்தேன். அன்றைக்கே சொன்னேன்: "நான் கேட்டிருக்கக் கூடாது. இனிமே நீயா சொன்னா ஒழிய கேக்க மாட்டேன்." அவள் தலையசைக்கவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை.

வராததற்கு நான் மட்டும் காரணம் இல்லை. "வயசுக்கு வந்த பிள்ளைய மண்ணுல விளையாட வைக்கிறாங்களாம்" என்று அக்கம்பக்கத்துப் பேச்சு. அப்பத்தா நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்தார். "வெளையாட்டுனா சின்னப்பிள்ளைக்கு. இவளுக்கு என்னத்துக்கு?" என்றார். நியாயமான கேள்வி, பதில் சொன்னேன். உடம்பு ஒரு நாளில் பெரிசாகிவிடும், மனசு அந்தப் பக்கம் போகக் கொஞ்ச நாள் பிடிக்கும், நடுவில் அதற்கு ஒரு திண்ணை வேண்டும் என்றேன். அப்பத்தா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் சமைஞ்சப்ப என்னையும் குச்சுல உக்கார வச்சாங்க. பதினாறு நாளும் தென்னங்கீத்துல கிளி செஞ்சேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "போகட்டும், ஆம்பளப் பயலுக வராத நேரமாப் பாரு" என்றார். வெள்ளிக்கிழமை நாலு மணியை அவளுக்கென்று ஒதுக்கினேன்.

ஐந்தாவது தடவை ஈரத்தட்டைக் கேட்டாள், கையால் காட்டி. தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தேன். ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். வீடு, மரம், மாடு, மாதா எல்லாம் மிதந்தன. 1964ல் தனுஷ்கோடியை அடித்துப்போன புயலை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தாத்தா பாட்டி வாயால் கேட்டே வளர்கிறார்கள். அதுதானா, இல்லை வீட்டில் நடந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. தட்டு விளிம்பைத் தொட்டதும் நிறுத்தினாள். அந்த இடத்தில் அவளாகவே நிறுத்தியதை அன்றைய குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்தேன்.

ஆறாவது தடவைதான் எல்லாம் திரும்பியது. கடலோர மாவட்டம், நீல அடித்தட்டு. பிள்ளைகள் மணலை விலக்கினால் கடல் வரும் என்று நானும் எண்ணிக்கொண்டிருந்தேன். அதுவரை வந்த பிள்ளைகள் அப்படித்தான் செய்தார்கள். அவள் தட்டின் நடுவில், வீட்டிலிருந்து தள்ளி, ஒற்றை விரலால் தோண்ட ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. விரல்நுனியில் கொஞ்சம் எடுத்து, பக்கத்தில் வட்டமாகக் கரை கட்டி, மறுபடி கொஞ்சம். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நீலம் தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். அலமாரியில் போய் ஒரு சின்னக் குடத்தையும், எதற்கோ கிடந்த பாதிப் புன்னைக்கொட்டை ஓட்டையும் எடுத்து வந்து குழி ஓரம் வைத்தாள்.

"ஊத்து" என்றாள்.

ரெண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே வந்த முதல் சொல். நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். என் குரல் நடுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

தனுஷ்கோடிப் பக்கம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். அதில் சில அடி கையால் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறும். பெண்கள் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்பதால் வரும் ஊற்று அது. நான் கடல் என்று நினைத்த நீலம் அவளுக்குக் குடிதண்ணீர்.

நான் ஒன்றும் கேட்காமல் இருந்ததாலோ என்னவோ, தானாகவே சொன்னாள்: "ரொம்பத் தோண்டக் கூடாதுக்கா. தோண்டுனா உப்பாயிரும்."

அன்றைக்கு ராத்திரி என் குறிப்பேட்டில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி மூடிவிட்டேன்.

அதன் பிறகு வேகம் பிடித்தது என்று சொல்லலாம், ஆனால் நேர்க்கோட்டில் இல்லை. ஏழாவது தட்டில் வேலியில் ஒரு குச்சியை எடுத்துவிட்டாள். அந்த இடைவெளி வழியாக ஊற்றுக்கு ஒரு பாதை. எட்டாவதில் ஒரு பெண் பொம்மையைத் தேர்ந்தெடுத்தாள். களிமண் பொம்மை, தாவணி கட்டியது. தன் பாவாடை ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்து, பற்களால் அறுத்து, பொம்மையின் கையில் சுற்றினாள். விரல் தனித்தனியாக இல்லாத பொம்மை அது. ஆனாலும் நுனியில் நாலு சுற்று, நடுவில் நாலு சுற்று, முடிச்சு. கால்மணி நேரம் அதற்கே போனது. அம்மா பாசிக்குப் போகும் முன் விரல்களுக்குத் துணி சுற்றும் அதே முறை. பொம்மையை நீலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். உள்ளே இறக்கவில்லை.

அன்று அம்மா கூப்பிட வந்தார், பாசி வாசத்தோடு. தட்டை யாருக்கும் காட்டுவதில்லை என்பது என் விதி. அவளே அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். அம்மா குனிந்து பார்த்தார். பொம்மையின் கையை அடையாளம் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கரைக்குப் போகத் தடை போட்டது அப்பத்தாவின் பழக்கம் மட்டும்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தன் விரல்களை விரித்துக் காட்டினார். பார் கிழித்த வெள்ளைக் கோடுகள், நகம் போன இடங்கள். "14 வயசுல தண்ணியில இறங்குனேன் தங்கச்சி. இன்னும் ஏறல. இவளும் இறங்கணுமா? அதுக்குத்தான் அத்தை போகக் கூடாதுன்னப்ப நானும் வாயை மூடிக்கிட்டேன். இவ படிக்கட்டும்." மகளைக் கடலிலிருந்து பிரிக்க அவருக்குச் சடங்கு ஒரு சாக்காகக் கிடைத்திருக்கிறது. அதில் அவ்வளவு பாசம் இருந்தது, ஆனால் மகளுக்கு அது சொல்லப்படவே இல்லை.

"பாசிக்கு இல்லம்மா" என்றாள் அவள். "உன் கூட."

ரெண்டு பேரும் அழுதார்கள். நான் மணல் கையைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, விடியற்காலையில், கரையில் ஆள் நடமாட்டம் கூடும் முன், அம்மாவும் மகளும் முழங்கால் தண்ணீர் வரைக்கும் போய்வர அப்பத்தாவின் அனுமதி கிடைத்தது. வேலைக்கு இல்லை, கால் நனைக்க. நவம்பர் மூன்றாம் வாரம் வகுப்பில் "உள்ளேன் டீச்சர்" என்றாள். சத்தம் கேட்டால் யாரும் கை தட்டவோ திரும்பிப் பார்க்கவோ கூடாது, அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று ஆசிரியையிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவரும் அப்படியே செய்தார். அப்புறம் எனக்குப் போன் போட்டு அழுதார்.

டிசம்பரில் அப்பா வந்தார். படகு வரவில்லை. இனி நல்லபடியாகிவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். அவரோ யாருடனும் பேசாமல் வாசலில் உட்கார்ந்தே இருந்தார். பதினோராவது தட்டில் வேலி திரும்ப வந்தது. இந்தத் தடவை ரெண்டு வரிசை. முதன்முறையாகச் சாம்பல் கப்பலை எடுத்தாள். கடலில் வைக்கவில்லை. வீட்டு வாசலில், வேலிக்குள்ளே, கரை தட்டிய மாதிரிச் சாய்த்து நிறுத்தினாள். ஊற்று மூடிக் கிடந்தது. மறுவாரமும் அதேதான். மருத்துவரிடம் பேசினேன், அப்பாவையும் பார்க்க வேண்டும் என்றார். அவர் போனார், சங்கத்துக்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். சிறையிலிருந்து வந்தவரை மனநல மருத்துவரிடம் காட்டுவது இந்தக் கரையில் யாருக்கும் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டும். பெண்பிள்ளையின் தட்டில் நிற்கும் கப்பலை அவள் மட்டும் நகர்த்த முடியாது.

பதின்மூன்றாவது தடவை கப்பலைத் தூக்கித் தட்டின் கோடியில் வைத்தாள். வாசல் காலியானது. அங்கே ஓர் ஆண் பொம்மையை உட்கார வைத்தாள், கையில் வலை என்று ஒரு துண்டு கொசுவலை. பெண் பொம்மை ஊற்றிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தது. "அப்பாவுக்குத் தண்ணி" என்றாள்.

கடைசித் தட்டை வைத்த வாரத்தில்தான் சடங்கும் நடந்தது. சின்னப் பந்தல், தாய்மாமன் சீர், அப்பத்தா கையால் செய்த தென்னங்கீற்றுக் கிளி.

முடிக்கும்போது 14 போட்டோக்களையும் வரிசையாகத் தரையில் பரப்பி ஒன்றாகப் பார்த்தோம். மூன்றாவது படத்தில் ரொம்ப நேரம் நின்றாள், வேலி போட்ட வீட்டை அழித்துவிட்ட படம். வெறும் மணல். "இதுக்குள்ள பாப்பா இருக்குக்கா. நீங்க எடுத்துட்டீங்களா?" என்றாள். அன்றைக்கே தட்டைக் கலைக்கும்போது எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன் என்றேன். போய்ப் பார்த்து, இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டாள்.

இதைப் படித்துவிட்டு ஒரு தட்டும் நாலு பொம்மையும் வாங்கி ஆரம்பித்துவிடாதீர்கள் என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மணல் ரொம்பச் சீக்கிரம் ஆழத்தைத் தொட்டுவிடும். தொட்ட பிறகு தாங்கிப் பிடிக்கப் பயிற்சி வேண்டும், மேலே கலந்து பேச ஒரு மூத்தவர் வேண்டும், தேவைப்பட்டால் உடனே அனுப்ப ஒரு மருத்துவர் வேண்டும். பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள், சாப்பாடு அடியோடு நின்றுவிட்டது, சாவைப் பற்றி எழுதுகிறாள் என்றால் மணலுக்காகக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், சிறார் உதவிக்கு 1098. ஆனால் ஓர் ஆசிரியை மணல் தட்டு இல்லாமலே செய்யக்கூடியது நிறைய. பதில் வராத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்காமல் இருப்பதும், பெயர் கூப்பிட்டுவிட்டு ஒரு மூச்சு நேரம் காத்திருப்பதும் அவற்றில் சேரும்.

அவள் இப்போது எட்டாம் வகுப்பு. தலைவலி குறைந்திருக்கிறது, போகவில்லை. மேடையில் பேசச் சொன்னால் இன்னும் பின்வாங்குகிறாள். தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அப்பா நாட்டுப்படகில் போகிறார்.

பள்ளி திறந்த வாரம் அறைக்கு வந்தாள். பனையோலைக் கொட்டானில் எதையோ பொத்திக் கொண்டுவந்திருந்தாள். சின்னத் தேங்காயின் சிரட்டை, உள்ளும் வெளியும் கண்ணாடிச் சில்லால் சுரண்டி வழவழப்பாக்கியது. "அந்தக் கொட்டை ஓட்டுல தண்ணி நிக்காதுக்கா. அடுத்து வர்ற பிள்ளைக்கு இது இருக்கட்டும்" என்று அலமாரியின் கீழ்த்தட்டில், சின்னப் பிள்ளைகளுக்கும் எட்டுகிற உயரத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகு ரெண்டு பிள்ளைகள் அதை எடுத்திருக்கிறார்கள். ஒருத்தி கவிழ்த்துப் போட்டு ஆமை என்றாள். இன்னொருத்தி, எட்டு வயதுக்காரி, ஒன்றும் சொல்லாமல் அதற்குள் ஒரு கோழிக்குஞ்சை உட்கார வைத்தாள். நான் கேட்கவில்லை.